வீட்டு ஸ்டுடியோவுக்கு எந்த ரெக்கார்டிங் மென்பொருள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த மென்பொருளில் பதிவு செய்தால் ஒலித்தரம் நன்றாக இருக்கும்?

எல்லாவற்றிலும் ஒரே தரம்தான். மைக்கிலிருந்து வரும் சிக்னலை எண்களாக மாற்றுவது, மைக்குக்கும் கணினிக்கும் நடுவில் இருக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி. மென்பொருள் அந்த எண்களைக் கோப்பில் எழுதுகிறது, திரும்பப் போடும்போது எல்லா டிராக்கையும் கூட்டித் தருகிறது. அந்தக் கூட்டல் மென்பொருளுக்கு மென்பொருள் மாறாது.

நம்பிக்கை வரவில்லையா, சோதித்துப் பாருங்கள். நான்கு வேவ் கோப்புகளை எடுத்து இரண்டு மென்பொருளிலும் போடுங்கள். ஃபேடரை (டிராக்கின் ஒலி அளவுச் சறுக்கு) தொட வேண்டாம், எஃபெக்ட் எதுவும் வேண்டாம், டிதர் (எக்ஸ்போர்ட்டின்போது சேர்க்கப்படும் மெல்லிய இரைச்சல்) அணைந்திருக்கட்டும். 24 பிட்டில் எக்ஸ்போர்ட் செய்து, வந்த இரண்டு கோப்புகளையும் ஒரே புராஜெக்டில் இரண்டு டிராக்காக வைத்து, ஒன்றின் பொலாரிட்டியை, அதாவது அலையின் மேடு பள்ளத்தை, தலைகீழாக்குங்கள். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒன்றுமே கேட்காது.

ஏதாவது கேட்டால், பெரும்பாலும் காரணம் பேன் லா, அதாவது இடம் வலமாக ஒலியை வைக்கும்போது அதன் அளவைத் தீர்மானிக்கும் விதி. மோனோ டிராக் நடுவில் இருக்கும்போது சில மென்பொருள்கள் அளவை 3 டெசிபல் குறைக்கும், சில குறைக்காது. "இதில் போட்டால் பாட்டு கணீரென்று இருக்கிறது" என்று சொல்லப்படுவதில் பாதி இந்த 3 டெசிபல் வேறுபாடுதான். புராஜெக்ட் அமைப்பில் அதை ஒன்றாக்கினால் கணீரும் போய்விடும்.

உண்மையான வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. வேகத்தை மாற்றாமல் சுருதியை ஏற்றி இறக்குவது, சுருதியை மாற்றாமல் வேகத்தை இழுப்பது, கூடவே வரும் ரிவெர்ப், கம்ப்ரஸர், வாத்திய ஒலிகள் ஆகியவை மென்பொருளுக்கு மென்பொருள் நிறையவே மாறும்.

அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

முதலில் என்ன பதிவு செய்யப் போகிறீர்கள் என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். குரல், கிட்டார், வயலின் போல மைக் வழியாக வருவதுதான் அதிகமென்றால் ஆடியோவை வெட்டி ஒட்டுவதில் கெட்டிக்கார மென்பொருள் வேண்டும். டேக்குகளை (ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் பாடி எடுத்த பதிவுகள்) அடுக்கி வைத்துச் சிறந்த வரிகளைப் பொறுக்கும் வசதி அதில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கீபோர்டு, டிரம் பேட், வாத்தியப் பிளகின் (மென்பொருளுக்குள் சேர்க்கும் துணை மென்பொருள்) வைத்து இசையமைப்பவர் மிடி எடிட்டரைப் பார்க்க வேண்டும். மிடி என்பது ஒலி அல்ல, எந்த நோட்டு எப்போது எவ்வளவு அழுத்தத்தில் என்ற குறிப்பு. நோட்டை இழுப்பது, நீளம் மாற்றுவது, அழுத்த அளவைத் திருத்துவது எத்தனை சொடுக்கில் முடிகிறது என்பதுதான் அங்கே முக்கியம். நான்கைந்து பேர் சேர்ந்து வாசிப்பதை ஒரே நேரத்தில் எடுப்பவருக்கு எத்தனை இன்புட்டை ஒருசேரப் பதிவு செய்ய விடுகிறது என்பதே முதல் கேள்வி. சில சிறு பதிப்புகள் இந்த இடத்தில்தான் கையை விரிக்கும்.

அதன்பிறகு உங்கள் கணினி. லாஜிக் புரோவும் கராஜ்பேண்டும் ஆப்பிள் கருவிகளில் மட்டும் ஓடும். கேக்வாக் சோனார் விண்டோஸில் மட்டும். லினக்ஸ் வைத்திருப்பவருக்கு ரீப்பர், ஆர்டர், பிட்விக், வேவ்ஃபார்ம் ஆகியவை நேரடியாகவே கிடைக்கின்றன.

இந்த இரண்டிலும் தேறியவற்றில், ஒரு பாட்டைத் தொடங்கி முடிக்கும்வரை உங்களைத் தடுக்காத மென்பொருள் எதுவோ அதை வைத்துக்கொள்ளுங்கள். வசதிப் பட்டியலை ஒப்பிடுவதால் கிடைக்கும் பலன் குறைவு. பட்டியலில் உள்ளதில் பெரும்பகுதியை வீட்டில் யாரும் தொடுவதே இல்லை.

குரலும் ஒரு வாத்தியமும்தான். ஆடாசிட்டி போதாதா?

பேச்சுக்கும், ஒரே வீச்சில் பாடி எடுப்பதற்கும், பழைய பதிவைச் சுத்தம் செய்வதற்கும் ஆடாசிட்டி அருமையான கருவி. பாட்டைப் பல டிராக்காகக் கட்டத் தொடங்கும்போது மூன்று இடத்தில் இடிக்கும்.

ஒன்று, மிடி பதிவு செய்ய முடியாது. கீபோர்டு வாத்தியங்களை அதற்குள் வாசிக்க வழியில்லை. இரண்டு, விண்டோஸுக்கு வழக்கமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி 3 பதிப்புகளில் ஆசியோ (விண்டோஸில் தாமதம் குறைந்த ஒலி டிரைவர் வகை) ஆதரவு கிடையாது. முன்பு பதிவு செய்ததைக் கேட்டுக்கொண்டே மேலே பாடும்போது தாமதப் பிரச்சினை இதனால் வரும். மூன்று, எஃபெக்டுகள். 2022-இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து பாட்டு ஓடும்போதே எஃபெக்டை மாற்றிக் கேட்கலாம் என்றாலும், பல டிராக்குகளை ஒரே ரிவெர்புக்கு அனுப்பும் மிக்ஸர் அமைப்பு இல்லை. நான்கு டிராக்குக்கு மேல் போகும் எண்ணம் இருந்தால் முதலிலேயே வேறு மென்பொருளில் தொடங்குங்கள்.

இலவசமாகக் கிடைப்பவற்றை வைத்தே முழுப் பாட்டு முடிக்க முடியுமா?

முடியும். மேக் வைத்திருந்தால் கராஜ்பேண்ட். குரல், கிட்டார், மெய்நிகர் டிரம் எல்லாம் அதிலேயே இருக்கிறது, பிறகு லாஜிக்குக்கு மாறினால் புராஜெக்ட் அப்படியே திறக்கும். குறைகளும் உண்டு. சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது) 44.1 கிலோஹெர்ட்ஸ் மட்டும்தான், மாற்ற முடியாது. ஃபேடர்கள் வரிசையாக நிற்கும் தனி மிக்ஸர் திரையும் இல்லை.

விண்டோஸில் கேக்வாக் சோனாருக்குக் கட்டணமில்லாப் பதிப்பு உண்டு. டிராக் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இல்லாத இன்னொன்று வேவ்ஃபார்ம் ஃப்ரீ, அது மூன்று இயங்குதளத்திலும் ஓடும். புரோ டூல்ஸ் இன்ட்ரோ 8 ஆடியோ டிராக், 8 வாத்திய டிராக், 8 மிடி டிராக் தருகிறது. கற்றுக்கொள்ள அது போதும். ஆனால் பின்குரல்களை இரண்டிரண்டாக எடுத்தாலே 8 ஆடியோ டிராக் தீர்ந்துபோகும்.

எல்எம்எம்எஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. பீட் கட்டுவதற்கு நல்ல மென்பொருள்தான், ஆனால் அதன் நிலையான பதிப்புகளில் மைக் பதிவு செய்யும் வசதியே கிடையாது. இலவசம் என்று பார்த்து இறக்கிவிட்டு ரெக்கார்ட் பொத்தானைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

ரீப்பரை ஏன் இத்தனை பேர் சிபாரிசு செய்கிறார்கள்?

பழைய கணினியிலும் ஓடுகிறது, அதுதான் முதல் காரணம். இறக்கும் கோப்பு சில பத்து எம்பிதான். 60 நாள் எந்த வசதியும் மறைக்கப்படாமல் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். தனிநபருக்கும் சிறு வருமானக்காரருக்கும் குறைந்த கட்டண உரிமம் இருக்கிறது, அதிலும் முழு உரிமத்திலும் மென்பொருள் ஒன்றேதான். வாங்கிய உரிமம் அடுத்த பெரும் பதிப்புக்கும் செல்லும். 7-ஆம் பதிப்பில் வாங்கினால் 8.99-ஆம் பதிப்பு வரை.

சிபாரிசு செய்பவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்றிருக்கிறது. ரீப்பரோடு சொல்லிக்கொள்ளும்படி வாத்திய ஒலிகள் வருவதில்லை. பியானோ, டிரம், ஸ்டிரிங்ஸ் எல்லாம் தனியாகத் தேடிச் சேர்க்க வேண்டும். கூட வரும் எஃபெக்டுகள் வேலையைச் சரியாகச் செய்யும், ஆனால் பார்க்க வெறும் சறுக்கு வரிசைகள். மைக்கில் பாடிப் பதிவு செய்பவருக்கு ரீப்பரை முதல் தேர்வாகவே சொல்வோம். திறந்த உடனே ஒலிகளைத் தேர்ந்தெடுத்து வாசிக்க நினைப்பவருக்குச் சொல்ல மாட்டோம்.

பீட் போட எஃப்எல் ஸ்டுடியோ வாங்கலாமா, ஏபிள்டன் லைவ் வாங்கலாமா?

எஃப்எல் ஸ்டுடியோவில் எட்டுப் பத்து தாளச் சுற்றை ஒரு பேட்டர்னாகக் கட்டி, அந்தப் பேட்டர்ன்களை அடுக்கிப் பாட்டாக்குவீர்கள். அதன் பியானோ ரோல் (நோட்டுகளை வரையும் திரை) மிகச் சிறந்தவற்றில் ஒன்று. ஒருமுறை வாங்கினால் வாழ்நாள் முழுதும் புதிய பதிப்புகளுக்குக் கட்டணமில்லை. ஏபிள்டன் லைவில் செஷன் வியூ என்ற திரை இருக்கிறது. துண்டுகளை நேரக்கோட்டில் வைக்காமலே ஓடவிட்டு மாற்றி மாற்றிக் கோத்துப் பார்க்கலாம். மேடையில் வாசிப்பவர்களுக்கு அது பெரிய துணை.

எஃப்எல் வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அதன் மிகச் சிறிய பதிப்பான ஃப்ரூட்டியில் குரலைப் பதிவு செய்து பிளேலிஸ்டில் (பாட்டை அடுக்கும் திரை) ஆடியோவாக வைக்க முடியாது. பாடுவதாக இருந்தால் அடுத்த பதிப்பான புரொட்யூசரிலிருந்துதான் தொடங்க வேண்டும். அடுத்தது, சோதனைப் பதிப்பில் புராஜெக்டைச் சேமிக்கலாம், மூடிவிட்டு மறுபடி திறக்கத்தான் முடியாது. வாங்கியபின் திறக்கும். எனவே சோதனைப் பதிப்பில் எதைச் செய்தாலும் அன்றே வேவாக எக்ஸ்போர்ட் செய்து வைத்துவிடுங்கள்.

பெரிய ஸ்டுடியோக்கள் எல்லாம் புரோ டூல்ஸ்தானே. நாமும் அதையே கற்றுக்கொள்ள வேண்டாமா?

ஸ்டுடியோவில் எஞ்சினியராக வேலைக்குச் சேரும் திட்டம் இருந்தால் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் பதிவு செய்து மிக்ஸிங்குக்கு வெளியே கொடுப்பவருக்குத் தேவையில்லை. மிக்ஸிங் எஞ்சினியர் உங்களிடம் கேட்பது புராஜெக்ட் கோப்பை அல்ல, வேவ் கோப்புகளை. ஒவ்வொரு டிராக்கும் பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்கும்படி எக்ஸ்போர்ட் செய்யுங்கள். குரல் மூன்றாவது நிமிடத்தில்தான் வந்தாலும் அதுவரை அமைதியாக அந்தக் கோப்பு ஓட வேண்டும். அப்போதுதான் எந்த மென்பொருளில் போட்டாலும் எல்லாம் தானாக ஒன்றோடொன்று பொருந்தும். கோப்புப் பெயரில் வாத்தியத்தையும், கூடவே ஒரு குறிப்பில் டெம்போவையும் சாம்பிள் ரேட்டையும் எழுதிக் கொடுங்கள்.

இன்டர்ஃபேஸ் பெட்டியிலேயே ஒரு லைட் பதிப்பு வந்தது. அதைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. கியூபேஸ் எல்இ, ஏபிள்டன் லைவ் லைட் போன்றவை அப்படித்தான் பலருக்கு வந்து சேர்கின்றன. நிறுவும் முன் டிராக் வரம்பையும் ஒரே நேர இன்புட் வரம்பையும் படித்துக்கொள்ளுங்கள். நான்கு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸோடு நான்கையும் ஒருசேரப் பதிவு செய்ய விடாத பதிப்பு வந்திருந்தால் அதில் நேரம் செலவிட வேண்டாம்.

பாடும்போது என் குரல் ஹெட்ஃபோனில் கொஞ்சம் பின்தங்கிக் கேட்கிறது. மென்பொருளை மாற்றினால் சரியாகுமா?

பொதுவாக ஆகாது, ஆசியோ இல்லாத ஆடாசிட்டி போன்றவற்றிலிருந்து மாறுவதைத் தவிர. மென்பொருளை மாற்றியவர்களில் பெரும்பாலோர் இதற்காகத்தான் மாற்றியிருப்பார்கள், புதியதிலும் அதே தாமதம்தான் இருந்திருக்கும்.

கணினி ஒலியை ஒவ்வொரு சாம்பிளாகக் கையாள்வதில்லை, கொத்தாகச் சேர்த்துக் கையாள்கிறது. அந்தக் கொத்தின் அளவுதான் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்றால் 2.7 மில்லிசெகண்ட். 512 என்றால் 10.7, 1024 என்றால் 21.3. உள்ளே வரும்போது ஒரு கொத்து, வெளியே போகும்போது ஒரு கொத்து என்று இது இரட்டிக்கும். இன்டர்ஃபேஸின் சொந்தத் தாமதம் அதன்மேல் சேரும். ஆகவே 512-இல் வைத்துப் பாடினால் குரல் 20 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதித்துக் காதுக்கு வரும், தாளம் தள்ளும்.

சரிசெய்யும் வரிசை இது. விண்டோஸில் மென்பொருளின் ஆடியோ டிவைஸ் பக்கத்துக்குப் போய் டிரைவர் வகையாக ஆசியோவைத் தேர்ந்தெடுங்கள், அதில் உங்கள் இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளரின் சொந்த டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். ஆசியோ4ஆல் என்பது விண்டோஸின் பொது டிரைவருக்கு மேல் போர்த்திய ஒரு உறை. கணினியின் சொந்த சவுண்ட் கார்டுக்கு உதவும், தனி டிரைவர் உள்ள இன்டர்ஃபேஸுக்கு அதைப் போடக் கூடாது. மேக்கில் கோர் ஆடியோ உள்ளேயே இருப்பதால் இந்தப் படி தேவையில்லை. பிறகு பதிவு செய்யும்போது மட்டும் பஃபரை 64 அல்லது 128-க்கு இறக்குங்கள். மிக்ஸிங் நேரத்தில் 512 அல்லது 1024-க்கு ஏற்றிவிடலாம், அப்போது தாமதம் யாருக்கும் தெரியாது.

பஃபரை 64-க்கு இறக்கியும் தாமதம் குறையவில்லையா? எல்லா டிராக்கும் வந்து சேரும் மாஸ்டர் டிராக்கைப் பாருங்கள். லீனியர் ஃபேஸ் ஈக்யூ, முன்னோக்கிப் பார்க்கும் லிமிட்டர், இரைச்சல் நீக்கி போன்றவை வேலை செய்ய வரப்போகும் ஒலியை முன்கூட்டியே பார்க்க வேண்டும், அதற்காக ஆயிரக்கணக்கான சாம்பிள்களைப் பிடித்து வைக்கும். மற்ற டிராக்குகளையும் அதற்கு இணையாக மென்பொருளே தாமதப்படுத்தும். பதிவு முடியும்வரை அவற்றை அணைத்து வையுங்கள்.

இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பொத்தான் இருந்தால் கணினியைச் சுற்றாமலே குரல் ஹெட்ஃபோனுக்கு வரும். அதைப் போட்டால் மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரிங்கை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் குரல் இரண்டு முறை கேட்கும். அந்த இரட்டைக் குரலை எதிரொலி என்று நினைத்து அமைப்புகளை எல்லாம் மாற்றிக் குழப்பிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

ப்ளூடூத் ஹெட்ஃபோன் வேண்டவே வேண்டாம். அதன் தாமதம் பெரும்பாலும் நூறு மில்லிசெகண்டைத் தாண்டும், மென்பொருளின் எந்த அமைப்பாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

ஹெட்ஃபோனில் தாமதம் தெரியவில்லை. ஆனால் பதிவானதைப் போட்டால் தாளத்துக்குப் பின்னால் விழுகிறது. ஏன்?

இது வேறு பிரச்சினை. டிரைவர் தன் தாமதத்தை மென்பொருளுக்குச் சொல்லும், மென்பொருள் அந்த அளவு பதிவை முன்னே நகர்த்தி வைக்கும். டிரைவர் தவறான கணக்கைச் சொன்னால் பதிவு தள்ளி விழும்.

அளந்து பார்ப்பது எளிது. இன்டர்ஃபேஸின் லைன் அவுட்புட்டிலிருந்து லைன் இன்புட்டுக்கு ஒரு கேபிளைச் செருகுங்கள். மைக்குக்கு இன்டர்ஃபேஸ் தரும் மின்சாரமான 48 வோல்ட் ஃபாண்டம் பவர் அணைந்திருக்கட்டும். ஒரு டிராக்கில் கூர்மையான க்ளிக் ஒலி ஒன்றை ஆடியோவாக வையுங்கள். இரண்டாவது டிராக்கை அந்த இன்புட்டில் பதிவுக்குத் தயார் செய்து, அதன் மானிட்டரிங்கை அவசியம் அணையுங்கள். அணைக்காவிட்டால் ஒலி சுற்றிச் சுற்றி வந்து ஊளையிடும். பதிவு செய்தபின் இரண்டு க்ளிக்கின் தொடக்கத்தையும் பெரிதாக்கிப் பார்த்தால் இடைவெளி எத்தனை சாம்பிள் என்று தெரியும். 48 கிலோஹெர்ட்ஸில் 96 சாம்பிள் பின்னால் இருந்தால் அது 2 மில்லிசெகண்ட். பதிவு அமைப்புகளில் ரெக்கார்ட் ஆஃப்செட் என்ற இடத்தில் அந்த எண்ணை எழுதுங்கள். மறுபடி ஒருமுறை பதிவு செய்து, இடைவெளி சுழியமாகிறதா இரட்டிக்கிறதா என்று பார்த்துக் கூட்டல் கழித்தல் குறியைச் சரிசெய்யுங்கள்.

சிபியு மீட்டர் 30 சதவீதம்தான் காட்டுகிறது. ஆனாலும் ஒலி பொரிகிறது.

சராசரி 30 என்பதற்கு இங்கே பொருளில்லை. ஒரு கொத்தைக் குறித்த நேரத்துக்குள் முடிக்காவிட்டால் அந்த இடத்தில் ஒலி அறுந்து பொரிகிறது. ஒரே டிராக்கில் அடுக்கிய எஃபெக்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக சிபியுவின் ஒரே கோரில்தான் ஓட முடியும். மற்ற கோர்கள் சும்மா இருந்தாலும் அந்த ஒரு கோர் மூச்சுத் திணறும். கனமான டிராக்கை ஃப்ரீஸ் செய்தால், அதாவது எஃபெக்டோடு தற்காலிக ஆடியோவாக மாற்றினால், உடனே தெரிந்துவிடும்.

மென்பொருள் காரணமில்லை என்று தெரிந்தால் கணினியைப் பாருங்கள். மடிக்கணினியைச் சார்ஜரில் போட்டு, மின்சேமிப்பு முறையை உயர் செயல்திறனுக்கு மாற்றுங்கள். வைஃபையை அணைத்துப் பாருங்கள், அதன் டிரைவர் சிபியுவை அடிக்கடி இடைமறிப்பது வழக்கம். இன்டர்ஃபேஸை யூஎஸ்பி ஹப்பிலிருந்து எடுத்து நேரே கணினியில் செருகுங்கள். புராஜெக்ட் கோப்புறை கிளவுட் ஒத்திசைவில் இருந்தால் பதிவு நடக்கும்போதே அது கோப்பை மேலேற்றத் தொடங்கும், அதை வெளியே நகர்த்துங்கள். ஒவ்வொன்றாக மாற்றிச் சோதியுங்கள். மொத்தமாக மாற்றினால் எது காரணமென்று தெரியாமலே போய்விடும்.

எவ்வளவு ரேம், எவ்வளவு டிஸ்க் வேண்டும்?

மைக் பதிவுக்கு மட்டும் 8 ஜிபி ரேம் போதும். சாம்பிள் வாத்தியங்கள் ரேமில்தான் ஏறி உட்காரும், அவை பல ஓடினால் 16 ஜிபி. டிஸ்க் கணக்கை நீங்களே போடலாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ டிராக் ஒன்று நிமிடத்துக்கு 8.64 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டு, பத்து டிராக், டிராக்குக்கு நான்கு டேக் என்றால் 1.7 ஜிபிக்கு மேல். எஸ்எஸ்டி இருந்தால் நல்லது.

சாம்பிள் ரேட் 44.1, 48, 96 கிலோஹெர்ட்ஸ். எதை வைப்பது?

பாட்டாக வெளியிட 44.1 அல்லது 48, காணொளியோடு சேர்க்க 48. 96 வைத்தால் கோப்பும் சிபியு சுமையும் இரட்டிக்கும், வீட்டுப் பதிவில் கேட்டு உணரும் லாபம் அரிது. எதை வைத்தாலும் முதல் டேக்குக்கு முன்பே முடிவு செய்து, புராஜெக்டிலும் இன்டர்ஃபேஸிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். 48-இல் எடுத்ததை 44.1-ஆகத் தவறாக வாசித்தால் பாட்டு 8 சதவீதம் மெதுவாகி, சுருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் இறங்கும். "குரல் கனத்துவிட்டது" என்று வரும் புகாருக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பிட் ஆழம் 24. பாட்டின் மிகச் சத்தமான வரியைப் பாடவைத்து, மீட்டரின் உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 10 டெசிபலுக்கும் நடுவில் நிற்கும்படி இன்டர்ஃபேஸின் கெய்ன் குமிழை வையுங்கள். 24 பிட்டில் இரைச்சல் தளம் மிகக் கீழே இருப்பதால் சிவப்பை எட்டும்வரை ஏற்ற அவசியமில்லை. கோப்பை 32 பிட் ஃப்ளோட்டில் வைத்தாலும் சாதாரண இன்டர்ஃபேஸில் இன்புட்டிலேயே உடைந்த ஒலியை மீட்க முடியாது. உடைவது சிக்னலை எண்ணாக்கும் கன்வெர்ட்டரில், கோப்பில் அல்ல.

க்ளிக் (மெட்ரோனோம் தாள ஒலி) வைத்துப் பாட வராது. அதற்கேற்ற மென்பொருள் உண்டா?

க்ளிக் இல்லாமல் எல்லாவற்றிலும் பதிவு செய்யலாம், கட்டம் கோடு எதையும் பார்க்க வேண்டாம். பிறகு டிரம் மெஷின் அல்லது மிடி சேர்க்கும்போதுதான் சிக்கல். அப்போது உங்கள் வேகத்துக்கு ஏற்றபடி கட்டத்தை வளைக்க டெம்போ மேப் வேண்டும். லாஜிக்கில் ஸ்மார்ட் டெம்போவும் கியூபேஸில் டெம்போ டிடெக்‌ஷனும் பதிவைக் கேட்டுத் தாமாகவே போட்டுத் தரும், நடுநடுவே திருத்தினால் போதும். ரீப்பரில் டெம்போ மார்க்கர்களைக் கையால் வைக்கலாம். பொறுமை வேண்டும், ஆனால் விளைவு சுத்தமாக இருக்கும்.

வாங்கி வைத்திருக்கும் பிளகின் எல்லா மென்பொருளிலும் ஓடுமா?

ஓடாது. லாஜிக்கும் கராஜ்பேண்டும் ஏயூ வகையை மட்டும் ஏற்கும். புரோ டூல்ஸுக்கு ஏஏஎக்ஸ். மற்றவை பெரும்பாலும் விஎஸ்டி3. பல பிளகின்களை நிறுவும்போது மூன்று வகையும் சேர்ந்தே வரும், ஆனால் சிறு இலவசப் பிளகின்கள் விஎஸ்டி மட்டும் தருவதுண்டு. பழைய விஎஸ்டி2 பிளகின்களை நம்பிய புராஜெக்டுகள் இருந்தால், புதிய பதிப்புக்கு மாறும் முன் அவை திறக்கின்றனவா என்று பாருங்கள். விஎஸ்டியை உருவாக்கிய ஸ்டெய்ன்பெர்க்கே 2022-இல் விஎஸ்டி2 ஆதரவைக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டது.

இரண்டு யூஎஸ்பி மைக்கை ஒரே நேரத்தில் பதிவு செய்ய முடியுமா?

ஒவ்வொரு யூஎஸ்பி மைக்கும் தனி இன்டர்ஃபேஸ், தனிக் கடிகாரம். ஆசியோ பொதுவாக ஒரு கருவியைத்தான் ஏற்கும். மேக்கில் அக்ரிகேட் டிவைஸ் (இரண்டு கருவியை ஒன்றாகக் காட்டும் அமைப்பு) உருவாக்கி, கடிகார விலகலைத் திருத்த இரண்டாவதற்கு டிரிஃப்ட் கரெக்‌ஷன் போட்டால் நடக்கும். இரண்டு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸும் சாதாரண எக்ஸ்எல்ஆர் மைக்கும் வாங்குவதே சரியான வழி.

சோதனைக் காலத்தில் என்னென்ன செய்து பார்க்க வேண்டும்?

புதுப் பாட்டு வேண்டாம். நன்கு தெரிந்த ஒரு பாட்டின் ஒரு சரணம், ஒரு பல்லவி போதும். கருவியிசையை எடுத்தபின் குரலை மூன்று டேக் பாடுங்கள். மூன்றிலிருந்தும் வரி வரியாகப் பொறுக்கி ஒரே குரலாக்குங்கள். இதற்கு உதவிக் காணொளி பார்க்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த நாள் பார்க்காமல் செய்ய வருகிறதா என்பதுதான் கேள்வி. நடுவில் ஒரே ஒரு சொல்லை மட்டும் பஞ்ச்-இன் செய்து மாற்றுங்கள், ஒட்டிய இடத்தில் டிக் என்று கேட்டால் கிராஸ்ஃபேடை (இரண்டு துண்டும் ஒன்றில் ஒன்று கலக்கும் பகுதி) எங்கே நீட்டுவது என்று தேடுங்கள். இரண்டு குரல் டிராக்கையும் ஒரே ரிவெர்புக்கு அனுப்புங்கள். கடைசி ஈரடியை ஃபேட் அவுட் செய்து வேவாக எக்ஸ்போர்ட் செய்து, கைபேசியில் கேளுங்கள்.

பிறகு ஒன்று அவசியம் செய்யுங்கள். புராஜெக்ட் கோப்புறையை வேறு டிஸ்குக்குப் பிரதி எடுத்து, அங்கிருந்து திறந்து பாருங்கள். "கோப்பு காணவில்லை" என்று வந்தால் ஆடியோ வேறெங்கோ பதிவாகியிருக்கிறது. ரீப்பரில் புராஜெக்டைச் சேமிக்காமலே பதிவு செய்தால் ஆடியோ பொதுவான ஒரு மீடியா கோப்புறைக்குப் போய்விடும். சேமிக்கும் திரையில் தனிக் கோப்புறை உருவாக்குவது, மீடியாவை அதற்குள் பிரதி எடுப்பது ஆகிய இரண்டு கட்டங்களிலும் குறி போட்டுவிட்டு அதன்பிறகே முதல் டேக்கைத் தொடங்குங்கள்.

கிராக் செய்த பதிப்பில் கற்றுக்கொண்டு பிறகு வாங்கலாமா?

வேண்டாம். அத்தகைய கோப்புகளில் தீநிரல் ஒட்டி வருவது சர்வசாதாரணம், நிறுவும்போது ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வதும் அதனால்தான். மேலே சொன்ன முழு வசதிச் சோதனைக் காலங்களும் இலவசப் பதிப்புகளும் இருக்கையில் அதற்கு அவசியமே இல்லை.

இப்போது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வருடம் கழித்து மாறினால் பழைய பாட்டெல்லாம் என்னாகும்?

கராஜ்பேண்ட், லாஜிக் போன்ற ஓரிரு ஜோடிகளைத் தவிர, ஒரு மென்பொருளின் புராஜெக்டை இன்னொன்று பொதுவாக நேரடியாகத் திறக்காது. 2023-இல் பிட்விக்கும் பிரிசோனஸும் சேர்ந்து டாபுராஜெக்ட் என்ற பொது வடிவத்தை வெளியிட்டன. பிட்விக், ஸ்டுடியோ ஒன், கியூபேஸ் ஆகியவற்றின் அண்மைப் பதிப்புகள் அதைப் படிக்கும். டிராக், கிளிப், ஃபேடர் அளவு எல்லாம் அதில் வரும். பிளகின் அமைப்பும் வரும், அதே பிளகின் அங்கேயும் நிறுவியிருந்தால். மென்பொருளோடு வந்த சொந்த எஃபெக்டுகள் பெரும்பாலும் வராது.

எனவே ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் நான்கு பொருளைத் தனிக் கோப்புறையில் வையுங்கள்: முதல் நொடியிலிருந்து தொடங்கும் எஃபெக்ட் இல்லாத வேவ் டிராக்குகள், எஃபெக்டோடு இன்னொரு தொகுதி, டெம்போவோடு சேர்ந்த மிடி கோப்பு, முடிந்த மிக்ஸ். வாத்தியப் பிளகின் வாசித்ததையும் ஆடியோவாக எடுத்துவிடுங்கள், அந்தப் பிளகின் நாளை புதிய இயங்குதளத்தில் திறக்காமல் போகலாம். அந்தக் கோப்புறையை இரண்டு இடத்தில் பிரதி வைத்து, ஒன்றைக் கணினியோடு செருகி வைக்காத டிஸ்கில் வையுங்கள்.